கையெழுத்துக்கு முன் ஒரு தட்டுக் கிழங்கு

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையின் மேல்மாடியில் இருந்தது நாமகிரியின் துப்பறியும் அலுவலகம். கீழே சுத்தியல் சத்தம் ஓயாது. வருகிறவர்களில் பாதிப் பேர் கத்திப் பேசுவார்கள். மீதிப் பேர் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்து, அதற்குள் சொல்ல வந்ததை மாற்றிச் சொல்லிவிட்டுப் போவார்கள். அன்று பங்குனி வெயிலில் படியேறி வந்தவர் இரண்டும் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசைமேல் தன் பெயர் அட்டையை வைத்தார்.

"அரை நாள் வேலை. சாயந்தரத்துக்குள்ள ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாப் போதும். சமையல்காரியோட அஜாக்கிரதை, அவ்வளவுதான்."

"எழுத வேண்டியது என்னன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப நான் எதுக்குங்க?" என்றார் நாமகிரி.

பூபதிக்கு அப்போதே அந்த ஆளைப் பிடிக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய பூபதி தாலுகா நிருபராக இருந்தவர். பத்திரிகை இழுத்து மூடப்பட்டதும், தன்னைவிடப் பத்து வயது இளைய பெண்ணான நாமகிரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். லாட்ஜ் திருட்டு, கோழிப்பண்ணைத் தீ, காணாமல்போன மாப்பிள்ளை என்று ஐந்து ஆண்டுகளாக அலைந்தும் ஆர்வம் மட்டும் குறையவில்லை. கோபமும்தான்.

வந்தவர் பெயர் அருள்பிரகாஷ். பிறந்தது சேலம், வளர்ந்ததும் வாழ்வதும் டில்லி. நாடுகளுக்கிடையே சமரசம் பேசிவைக்கும் தனியார் அமைப்பு ஒன்றில் பெரிய பொறுப்பு. நெற்றிப் பொட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

கடலுக்கு நடுவில் லூரா தீவுகள் என்று மூன்று தீவுகள். ஐரோப்பிய நாடு ஒன்று இருநூறு வருடமாக அவற்றை ஆள்கிறது. தனியாகப் போவதா, சேர்ந்திருப்பதா என்று தீவு மக்கள் அடுத்த வருடம் வாக்களிக்க வேண்டும். அதற்குள் ஆளும் நாடு ஒரு யோசனை வைத்தது: துறைமுகம், மருத்துவமனை, குடிநீர் எல்லாவற்றுக்கும் வளர்ச்சி நிதி தருகிறோம், வாக்கெடுப்பை இருபது வருடம் தள்ளிப்போடுங்கள். பத்திரிகைக்காரர் கண்ணில் படாத இடமாக, கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற மலையூர்த் தொகுதியில் ஒரு விடுதியில் மூன்று நாளாகப் பேச்சு. இன்று கடைசி நாள். தீவுக் குழுவின் தலைவி அடேலா அந்த இருபது வருடத்துக்கு ஒப்பவே மாட்டேன் என்றிருந்தார். இன்று காலை வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். நாமக்கல் மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை, நினைவு இன்னும் திரும்பவில்லை.

"அவங்க அறையில பாதி தின்ன மரவள்ளிக் கிழங்குத் தட்டு இருந்தது. மலையில ஜவ்வரிசி மில்லுக்குப் போடுற கசப்புக் கிழங்கு இருக்கு, விஷம். படிக்காத பொம்பளை, தெரியாம ஆக்கிப்போட்டுட்டா. வேலைக்காரங்களுக்குச் செஞ்சதை அம்மாவுக்கு வெச்சிருக்கா."

"போலீஸ்?"

"இன்ஸ்பெக்டர் அவளைப் பிடிச்சு வெச்சிருக்கார். ஆனா தீவுக் குழுவில அடுத்த ஆள் தோமேன்னு ஒருத்தர். வெளியாள் ஒருத்தர் விசாரிச்சுச் சொல்லணும்னு பிடிவாதம் பிடிக்கிறார். தலைவிக்கு உடம்பு முடியலைன்னா அவர் கையெழுத்துப் போடலாம். யாராவது வேணும்னு செஞ்சதுன்னா பேச்சே ரத்து. வாக்கெடுப்பு நடக்கும், நிதி கிடையாது. இன்னைக்குச் சாயந்தரம் கடைசி. அதான், உள்ளூர்ல துப்பறியும் நிலையம்னு தேடினேன். உங்க போர்டு தெரிஞ்சது."

ஒரு பெண்ணைச் சிறைக்கும் மூன்று தீவுகளை இருபது வருட மௌனத்துக்கும் அனுப்ப, இந்த மனிதருக்கு ஒரு பக்கத் தாள் வேண்டியிருந்தது. அதை எழுத லாரிப் பட்டறை மாடி போதும் என்று நினைத்திருக்கிறார். பூபதிக்குக் காது சூடானது. நாமகிரியோ நாள்காட்டியைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"போலாங்க. கிழங்குத் தட்டைக் கழுவிடச் சொல்லாதீங்க."

காரவள்ளியில் மலைப்பாதை தொடங்கியது. அருள்பிரகாஷின் வாடகைக் கார் முன்னால் போக, பூபதியின் பழைய கார் கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்கி ஏறியது. மேலே குளிர்ந்த காற்று. சவுக்கு மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருந்தது. சாலை ஓரத்துத் தார்ப்பாயில் மிளகு காய்ந்தது. குண்டூர் நாட்டுக்குத் திரும்பும் முக்கில் குறுக்கே திருவிழாவுக்குக் கட்டிய வேப்பிலைத் தோரணம். எங்கோ தப்பு மேளம் அடிக்கும் சத்தம் கேட்டது.

"மாரியாயி நோம்பி போலிருக்குது அம்மணி" என்றார் பூபதி.

"ம்" என்றார் நாமகிரி.

விடுதி வாசலில் உரிமையாளர் வெங்கிடுசாமி நின்றிருந்தார். பேளுக்குறிச்சியில் தோட்டம் உள்ளவர்; பத்து வருடத்துக்கு முன் இங்கே இடம் வாங்கிக் கட்டியவர். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கும்பிட்டு உள்ளே அழைத்தார்.

"வாங்க, வாங்க. சாப்பிட்டுப் பேசலாமுங்க. காலையிலயே சமையல்காரி பாவாயி சோறும் பருப்பும் ஆக்கி வெச்சுட்டா. யாரும் தொடலை."

கூடத்தில் ஒரு நீண்ட மேசை. ஒரு கோடியில் ஆளும் நாட்டின் தூதர் ரீக்மன், அறுபது வயது, டப்பாவில் இருந்து பிஸ்கட்டு தின்றுகொண்டிருந்தார். மறு கோடியில் தோமே, நாற்பது வயது இருக்கும், எதுவும் தின்னவில்லை. இருவருக்கும் நடுவே மூடிய கோப்பும் இரண்டு பேனாவும். நாமகிரி ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ரீக்மன் எழுந்து கைகுலுக்கினார்.

"எளிய விஷயம் என்று அருள்பிரகாஷ் சொன்னார். அவர் சொன்னால் சரியாக இருக்கும். அடுத்த மாதம் எங்கள் தலைநகருக்கே வருகிறார். இந்த நிதியை நிர்வகிக்கப்போகும் வாரியத்துக்கு அவரைத்தான் தலைவராக நான் சிபாரிசு செய்திருக்கிறேன்."

தோமே அதைக் கேட்டு நிமிர்ந்தார். மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

சாப்பிடத் துணிந்தவர்கள் மூன்றே பேர். பூபதிக்குப் பசி, நாமகிரி எங்கே போனாலும் கொடுத்ததைச் சாப்பிடுவார், அருள்பிரகாஷ் தானே கரண்டியை எடுத்துப் பருப்பை ஊற்றிக்கொண்டார். வெங்கிடுசாமி ஊறுகாயை நகர்த்தியதும் கையை மறித்தார்.

"உப்பு ஆகாது. பிரஷர். ஆமா, உங்களுக்கும் பிரஷர்னு சொன்னீங்களே? மாத்திரை ஒண்ணு இருந்தாக் கொடுங்க. என்னோடது தீர்ந்துபோச்சு, தலை இடிக்குது."

பூபதி இரண்டு கவளம் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னங்க இது, பருப்புல ஒரு கடுகு கூட இல்ல? ரசமும் அப்படியே வேகவெச்ச தண்ணி மாதிரி இருக்குது. தாளிப்பே இல்ல."

அருள்பிரகாஷ் சிரித்தார். "வெள்ளைக்காரன் நாக்குக்குச் சமைக்கிறாங்க சார். மூணு நாளா எனக்கும் இதே கதிதான்."

நாமகிரி தட்டில் இருந்ததை முடித்தார். கை கழுவப் போனவர் நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே பூபதியும் போனார். துடைத்துவைத்த மேடை. அஞ்சறைப்பெட்டி திறந்திருந்தது, மஞ்சள், மிளகு, சீரகம் இருந்த கிண்ணங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது. சுவர் ஆணியில் சிறிய இரும்புக் கரண்டி ஒன்று, மஞ்சள் பூசி, காம்பில் வேப்பங்கொத்துச் செருகித் தொங்கியது.

"பார்த்தாச்சா அண்ணா?"

"பார்த்தேன். சுத்தமாத்தான் வெச்சிருக்காங்க" என்றார் பூபதி.

நாமகிரி அவரை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வை பூபதிக்குப் பழக்கம். ஏதோ தவறவிட்டோம் என்று தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

பாவாயியைச் சாமான் அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் செங்கோடன் மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகவில்லை. சங்கடத்தோடு தாழ்ப்பாளை நீக்கினார். மிளகு மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்த பாவாயிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீங்க யாரு, இன்னொரு போலீசா?"

"இல்லீங்க. துப்பறியறவ."

"எங்கிட்டத் துப்பறிய என்ன கெடக்குது? கதவைச் சாத்தி வெச்சுக் கேட்டா எவ பேசுவா?"

"கதவு தொறந்துதான் இருக்குது. நான் சாத்தலை."

பாவாயி வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "காலையில கேவுரு கூழு காச்சுனேன். இட்டிலி ஊத்துனேன். அந்தத் தீவுக்காரம்மா ரூமுல போன் பேசிக்கிட்டு இருந்துச்சு. தட்டுல இட்டிலி வெச்சு நடையில இருக்கற மேசையில மூடி வெச்சேன், அங்கதான் தெனமும் வெப்பேன். அதுவா எடுத்துக்கும். அவ்வளவுதான்."

"இன்ஸ்பெக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லவா? மில்லுக் கெழங்கா ஊட்டுக் கெழங்கான்னுதான அவரு கேட்டாரு? ஆக்குனியான்னு கேக்கலை. முடிவு பண்ணிட்டு வந்து கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது? சோத்துல வெசம் வெச்சவன்னு ஊரே கேக்கற மாதிரிக் கத்துனாரு. எம்மகளுக்கு வர்ற மாசம் கல்யாணம். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நோம்பிக்கு வந்திருக்காங்க. வெசக்காரி பொண்ணை எவன் கட்டுவான்?"

குரல் உடைந்தது, அது உடைந்ததற்கே அவர் கோபப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். செங்கோடன் குனிந்து தன் காலைப் பார்த்தார். பூபதிக்கு வாயில் வந்ததைக் கேட்டுவிட வேண்டும் போல் இருந்தது. நாமகிரி அவர் முழங்கையைத் தொட்டார்.

"தட்டைக் காட்டுங்க இன்ஸ்பெக்டர்."

அலுவலக அறையில் தட்டு மூடி வைத்திருந்தது. மூடியைத் தூக்கியதும் வாசனை வந்தது. வெந்த கிழங்குத் துண்டுகள், வெடித்த கடுகு, சிவந்த உளுந்தம்பருப்பு, கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை. பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போகிறவர்கள் நின்று தின்னும் அதே கிழங்கு. நாமகிரி கொஞ்சத்தை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, செங்கோடனிடம் கொடுத்தார்.

"இது பரிசோதனைக்கு. மீதித் தட்டு எனக்கு வேணும். எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொல்லுங்க. அருள்பிரகாஷ் சாரோட டிரைவரையும். அண்ணா, மருத்துவமனையில டாக்டரைப் போன்ல பிடிச்சு நாடியும் பிரஷரும் எப்படி இருக்குதுன்னு கேளுங்க. கிழங்கைப் பத்தி நீங்களா எதுவும் சொல்லாதீங்க."

பூபதி கேட்டுவிட்டு ஓடிவந்தார். பதிலைக் காதோடு காதாகச் சொன்னார். நாமகிரி தலையசைத்தார்.

கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். பாவாயி மட்டும் சாமான் அறை வாசலிலேயே நின்றார். கூடத்தில் இருந்து பார்த்தால் தெரியும். ரீக்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேனா தயாராக இருக்கிறது. அறிக்கைதான் பாக்கி."

நாமகிரி தட்டை மேசை நடுவில் வைத்தார். மூடியை எடுத்தார். ஒரு துண்டுக் கிழங்கை வாயில் போட்டு மென்றார். தோமே பதறி எழுந்தார். செங்கோடன், "மேடம்!" என்று கத்தினார். நாமகிரி இன்னொரு துண்டையும் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"நல்லா இருக்குது. கசப்புக் கிழங்கு இல்லை. உப்பு மட்டும் கொஞ்சம் கூட."

பூபதி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இதை முன்பே சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார்; அதனால்தான் சொல்லவில்லை போலிருக்கிறது.

"ரெண்டு துண்டு தின்னா என்ன நிரூபணம்?" என்றார் அருள்பிரகாஷ். "சாப்பாட்டைப் பத்தித் தெரியாம…"

"சாப்பாட்டைப் பத்தித்தான் பேசப் போறோம். மொதல்ல பூபதியண்ணன் கேட்ட கேள்வி. பருப்புல ஏன் தாளிப்பு இல்ல? வெங்கிடுசாமி ஐயா, நீங்க சொல்லுங்க."

வெங்கிடுசாமி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "காப்புக் கட்டியாச்சுங்க."

"புரியற மாதிரி."

"மாரியாயி நோம்பிக்குக் காப்புக் கட்டிட்டா, நோம்பி முடியற வரைக்கும் இந்த நாட்டுல யாரூட்டுலயும் தாளிக்க மாட்டாங்க. எண்ணெய் காய்ஞ்சு கடுகு வெடிச்சா ஆத்தாளுக்குச் சூடு ஆகாதும்பாங்க. விடுதி அடுப்புலயும் அதே கட்டுத்தான். நானும் காப்புக் கட்டியிருக்கறேன்."

பூபதி நெற்றியில் அடித்துக்கொண்டார். வேப்பிலைத் தோரணம், மஞ்சள் கயிறு, கவிழ்த்த கடுகுக் கிண்ணம், ஆணியில் தொங்கிய தாளிப்புக் கரண்டி. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டு, சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று சொன்ன தன் வாயை என்ன செய்வது? ரீக்மனுக்கும் தோமேவுக்கும் அதையும் அதற்குப் பிறகு பேசியதையும் அவரே ஆங்கிலத்தில் சொன்னார். வெட்கத்தில் பாதி, கோபத்தில் பாதி.

"வேலைக்காரங்களுக்குச் செஞ்சதுன்னு சொன்னீங்க" என்று நாமகிரி அருள்பிரகாஷ் பக்கம் திரும்பினார். "வேலைக்காரங்க எல்லாரும் இந்த நாட்டுக்காரங்க. அவங்க ஒருத்தரும் இதைத் தொட மாட்டாங்க. பாவாயி கடுகுக் கிண்ணத்தைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்காங்க. கரண்டியில மஞ்சள் பூசித் தொங்க விட்டிருக்காங்க. இந்தத் தட்டு இந்த அடுப்புல இருந்து வரலை."

"ரகசியமாச் செஞ்சிருக்கலாமே?"

"மக கல்யாணம் நிச்சயமாகியிருக்கற தாயி, சம்பந்தி ஊட்டுக்காரங்க ஊருக்குள்ள இருக்கறப்ப, நோம்பிக் கட்டை மீறி, கடுகு மணக்க மணக்கத் தாளிச்சாங்களாக்கும்? கடுகு வெடிச்சா அந்த முக்கு வரைக்கும் மணக்கும்."

சாமான் அறை வாசலில் இருந்து, "அப்படிச் செஞ்சா என் கையி அழுகிப்போகும்" என்று ஒரு குரல் வந்தது.

நாமகிரி மேசையைச் சுற்றி மெதுவாக நடந்தார். "அப்ப யாரோ வெளிய இருந்து கொண்டாந்து வெச்சிருக்காங்க, மலைச் சமையல் மாதிரி தெரியணும்னு. தோமேவுக்கும் தூதருக்கும் மரவள்ளி தெரிஞ்சிருக்கலாம். ஆனா இந்தப் பக்கத்துல அதைக் கடுகு உளுந்து போட்டுத் தாளிப்பாங்கன்னு தெரியாது. ஒண்ணும் தெரியாதவங்களால இதைச் செய்ய முடியாது. வெங்கிடுசாமி ஐயாவுக்கு எல்லாம் தெரியும். கையில காப்போட இருக்கறவரு தாளிச்ச கிழங்கைக் கொண்டாந்து வெச்சா, மாட்டிக்குவோம்னு அவருக்குத் தெரியாதா? எல்லாம் தெரிஞ்சவங்க இதைச் செய்ய மாட்டாங்க. பாதி தெரிஞ்சவங்க ஒருத்தர்தான் இங்க இருக்காரு. கிழங்கு எப்படித் தாளிப்பாங்கன்னு தெரியும், சேலத்துல பொறந்தவரு. மூணு நாளா ஏன் தாளிக்கலைன்னு தெரியாது. வெள்ளைக்காரன் நாக்குக்குன்னு நெனச்சுக்கிட்டாரு. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாங்க. சமையல்காரம்மாகிட்ட என்னத்தைக் கேக்கறதுன்னு விட்டுட்டாரு."

அருள்பிரகாஷ் முகம் கறுத்தது. "இது வெறும் ஊகம். கடுகை வெச்சு ஒருத்தர் மேல விஷம் வெச்ச பழி போடுவீங்களா?"

"கிழங்கை வெச்சு ஒரு பொம்பளை மேல போட்டீங்களே?" என்றார் பூபதி. அடக்க முடியவில்லை.

"அண்ணா" என்றார் நாமகிரி. பிறகு டிரைவரிடம் திரும்பினார். "தம்பி பிரேம், நேத்து கீழ போனீங்களா?"

வாடகைக் காரின் டிரைவர் பிரேம் கதவோரம் நின்றிருந்தார். "போனேங்க. சாருக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். வர்றப்ப காரவள்ளிக் கடையில தாளிச்ச கிழங்கு ரெண்டு பொட்டலம் கட்டிட்டு வரச் சொன்னாருங்க. இங்க சப்புன்னு இருக்குது, நாக்கு செத்துப்போச்சுன்னாரு. ஏனுங்க, அதுல ஏதாச்சும்…?"

"அதுல ஒண்ணும் இல்லீங்க. அதை நானே தின்னுட்டேன். அது சும்மா பழி போட வெச்சது. இட்டிலித் தட்டை எடுத்துட்டு இதை வெச்சாச்சு. வெசம் வேற எதுலயோ போச்சு." நாமகிரி அருள்பிரகாஷ் எதிரில் நின்றார். "நீங்க இந்தச் சமையல்ல வெசம்னு எங்களைக் கூட்டியாந்தீங்க. தூதர் பிஸ்கட்டு திங்கறாரு. தோமே பட்டினி. நீங்க மட்டும் அதே பாவாயி ஆக்குன பருப்பை ரெண்டு கரண்டி ஊத்திக்கிட்டீங்க. பயமே இல்ல. அதுல ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் அப்படிப் பசிக்கும்."

வெளியே தப்புச் சத்தம் நெருங்கி வந்து விலகிப்போனது.

"டாக்டர் சொல்றது என்னன்னா, அடேலாவுக்கு நாடி ரொம்ப மெதுவா அடிக்குது, ரத்த அழுத்தம் பாதாளத்துல கெடக்குது. பிரஷர் மாத்திரையை அளவுக்கு மேல கொடுத்தா இப்படி ஆகுமாம். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. பிரஷருக்கு மாத்திரை போடறவங்க இங்க ரெண்டு பேரு. ஒருத்தர்கிட்ட மாத்திரை இருக்குது. இன்னொருத்தர் தீந்துபோச்சுன்னு அவருகிட்டக் கடன் கேட்டாரு. பயணத்துக்குக் கெளம்பறவரு, அதுவும் இத்தனை பெரிய காரியத்துக்கு வர்றவரு, மாத்திரையை எண்ணி எடுத்துக்கிட்டு வராமலா இருப்பாரு? காலையில அவங்களுக்கு யாரு என்ன குடிக்கக் கொடுத்தது?"

தோமே முதன்முறையாகப் பேசினார். ஆங்கிலத்தில், சொல் சொல்லாக. "சுக்குக் காப்பி. இவர்தான் தினமும் கொண்டுவருவார். காரமாக, கசப்பாக இருக்கும். அடேலாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. உங்களைப் போல ஒரு நண்பர் எங்களுக்குக் கிடைத்தாரே என்று இவரிடம் அவள் சொன்னாள்."

செங்கோடன் யாரும் சொல்லாமலே எழுந்து அருள்பிரகாஷின் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கைக்குட்டையில் காலியான மாத்திரை அட்டைகள் சில இருந்தன. சவரப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்ததாம். அருள்பிரகாஷ் நாற்காலியில் சாய்ந்தார். நெற்றிப் பொட்டை அழுத்தவில்லை. கைகள் மடியில் கிடந்தன.

"சாகணும்னு கொடுக்கலை" என்றார். "ஒரு நாள் படுத்திருந்தாப் போதும்னுதான். மருத்துவமனை வருது, தண்ணி வருது. ஒரு பொம்பளையோட பிடிவாதத்தால மூணு தீவும் நாசமாப் போகணுமா? எல்லாருக்கும் நல்லதைத்தான்…"

"அந்த நல்லதுக்கு நீங்கதான் தலைவர்" என்றார் நாமகிரி. அவர் குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் குரலைப் பூபதி ஐந்து வருடத்தில் கேட்டதில்லை. "நல்லது செய்யறதுக்கு ஒரு சமையல்காரம்மா ஜெயிலுக்குப் போகோணும். அது உங்க கணக்குல வரவே இல்லை, இல்லீங்களா?"

ரீக்மன் இரு கைகளையும் உயர்த்தினார். "எனக்கு இதில் சம்பந்தமில்லை. இப்படிச் செய் என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. கையெழுத்துக்குத் தடை இருக்காது என்று நேற்று இவர் சொன்னார். எப்படி என்று நான் கேட்கவில்லை."

"கேட்காமல் இருப்பதற்குத்தானே உங்களுக்குச் சம்பளம்" என்றார் தோமே.

அவர் எழுந்து மேசையில் இருந்த தன் பேனாவை எடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீக்மன் கோப்பை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார். "நடந்தது குற்றம்தான். ஆனால் நிதி குற்றம் செய்யவில்லை. மாலைவரை நேரம் இருக்கிறது. உங்கள் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள்."

"எங்கள் தீவில் பிரசவத்துக்குப் படகில் போகிறார்கள்" என்றார் தோமே. "என் மனைவி அந்தப் படகில் செத்தாள். நான் மருத்துவமனையை நினைக்காத நாள் இல்லை. இன்று காலை அடேலா விழுந்தபோது, கடவுளே, இனி நான் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி என்னை நினைக்க வைத்தீர்கள் பாருங்கள், அதற்கு உங்களை மன்னிக்க மாட்டேன். இருநூறு வருடம் எங்கள் கொப்பரையை ஏற்றிப் போன கப்பலில் ஒரு பிரசவ அறைக்கு வேண்டியதை ஏற்றி வர இடம் இல்லை. இப்போது வாயை மூடினால்தான் கட்டுவீர்களா? நாங்கள் வாக்களிப்போம். படகிலேயே போவோம்."

பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ரீக்மன் கோப்பை மூடிப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டிப் பூட்டின் சத்தம் கூடத்தில் பெரிதாகக் கேட்டது. நாமகிரி எதையும் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

அருள்பிரகாஷைக் காவலர்கள் ஜீப்பில் ஏற்றினார்கள். பூபதி வெங்கிடுசாமியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, காலையில தட்டைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேனுங்க."

"பார்த்ததுமே இது பாவாயி ஆக்குனதில்லைன்னு தெரிஞ்சிருக்குமே?"

வெங்கிடுசாமி தோள் துண்டால் வாயைத் துடைத்தார். "தெரிஞ்சுதுங்க. வெளிநாட்டுக்காரங்க, டில்லிக்காரங்க. நாம எதாச்சும் சொல்லப்போயி விடுதிக்குச் சீல் வெச்சுட்டா? பாவாயி நாலு நாள்ல வெளிய வந்துருவா, அப்பறம் பார்த்துக்கலாம்னு…"

பூபதி அவரை அடித்திருப்பார். நாமகிரி குறுக்கே வந்து நின்றதால் அடிக்கவில்லை. விஷம் கொடுத்தவனைப் பிடிக்க ஒரு துப்பறிகிறவர் போதும். இந்த ஆளை என்ன பிரிவில் பிடிப்பது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

செங்கோடன் சாமான் அறைப் பக்கம் போனார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"சரிம்மா. உன் மேல ஒண்ணும் இல்ல. நீ ஊட்டுக்குப் போலாம்."

பாவாயி அசையவில்லை. காலையில் இருந்து நின்றுகொண்டே இருந்தவர், இப்போதுதான் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"போலாம்னு நீங்க என்ன சொல்றது? உள்ளாற போட்டப்ப ஊரே கேக்கறாப்புல கத்துனீங்க. வெசக்காரின்னீங்க. இப்ப காதோரம் வந்து போலாங்கறீங்க. நான் போகலை."

"என்னம்மா செய்யணுங்கற?"

"கூடத்துல எல்லாரும் இருக்காங்கல்ல. வாசல்ல என் சனம் நிக்குது, சம்பந்தி ஊட்டுக்காரங்களும் வந்து நிக்கறாங்க. அங்க நின்னு சொல்லுங்க."

ஆமாம், வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. நோம்பிக் கும்பல் தப்பை நிறுத்திவிட்டு மதிலோரம் நின்றது. முன்னால் ஒரு பெண், பாவாயியின் அதே மூக்கு, அழுத முகம். தோமே என்ன நடக்கிறது என்று கேட்டார், பூபதி சொன்னார். தோமே வாசற்படி அருகில் போய், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். ரீக்மன் காருக்குப் போகப் பெட்டியைத் தூக்கினார். வழி முழுக்க ஆட்கள், யாரும் விலகவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார்.

செங்கோடன் கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவே வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். பாவாயி எந்தத் தப்பும் செய்யவில்லை என்றும், விசாரிக்காமல் அடைத்தது தன் தவறு என்றும் தணிந்த குரலில் சொன்னார்.

பாவாயி படியில் உட்கார்ந்தபடியே, கடைசியில் பெட்டியோடு நின்ற வெள்ளைக்காரரைக் கையால் காட்டினார்.

"சத்தமாச் சொல்லுங்க சாமி. அவருக்குக் கேக்கலை."